பேறு வேறு, பழி வேறு

பொறியியல் கலந்தாய்வு தொடங்கினால் தமிழ்நாட்டில் முதலில் நிரம்புபவை கணினி அறிவியலும் அதையொட்டிய பிரிவுகளும்தான். நான்கு ஆண்டுகள் கழித்து அந்த மாணவர்களிடம் உறவும் ஊரும் கேட்பது ஒரே கேள்வி: "பிளேஸ்மென்ட் ஆயிடுச்சா?" ஆகிவிட்டது என்றால் கெட்டிக்காரப் பிள்ளை, பெற்றவர்கள் செய்த புண்ணியம். ஆகவில்லை என்றால் ஒழுங்காகப் படிக்கவில்லை, இல்லையேல் தலையெழுத்து. இந்தத் தீர்ப்புகள் வாய்ப்பேச்சோடு போவதில்லை. கல்விக் கடனுக்காக வங்கியிலிருந்து வரும் கடிதம், தள்ளிப்போகும் கல்யாணப் பேச்சு, சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போகலாமா வேண்டாமா என்ற தயக்கம் என்று அவை வீட்டுக்குள்ளேயே வந்து தங்கிவிடுகின்றன. இருபத்திரண்டு வயதுப் பிள்ளை தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொள்கிறது என்பதையே அவை முடிவு செய்துவிடுகின்றன. அதனால்தான் கணினிப் பட்டதாரியின் வேலைவாய்ப்பைப் பொருளியலாளரிடம் மட்டும் விட்டுவிட முடியாது. வேலை கிடைத்ததற்கு ஒருவர் எவ்வளவு பெருமைப்படலாம், கிடைக்காததற்கு எவ்வளவு பழி ஏற்க வேண்டும் என்பது அறத்தின் கேள்வி. ஊழா, முயற்சியா என்று நம் மரபு பல நூற்றாண்டுகளாக வாதாடி வந்ததும் இதைப் பற்றித்தான். வேலை அமைவதில் காலத்தின் பங்கு பெரிது. காலம் செய்ததை ஒருவருடைய தகுதியாகவோ குற்றமாகவோ எழுதி வைப்பது அநீதி. ஒருவரிடம் நாம் கணக்குக் கேட்கக்கூடியது அவருடைய முயற்சிக்கு மட்டும்தான். அதுவும் உள்ள நிலவரத்தை அவரிடம் மறைக்காமல் சொல்லியிருந்தால் மட்டும்தான். இதுவே என் வாதம்.

முதலில் நடந்ததைப் பார்ப்போம். 2021இல் படிப்பை முடித்த பேட்சையும் 2023இல் முடித்த பேட்சையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். ஒரே கல்லூரி, ஏறக்குறைய அதே ஆசிரியர்கள், அதே பாடங்கள். இன்னும் சொன்னால், படிப்பு என்ற அளவில் அதிகம் இழந்தவர்கள் 2021 பேட்ச்காரர்கள். 2020 மார்ச்சில் பெருந்தொற்றுக்காகக் கல்லூரிகள் மூடப்பட்டபோது அவர்கள் மூன்றாம் ஆண்டில் இருந்தார்கள். அதன் பிறகான பாடங்களில் பெரும்பகுதியைக் கைப்பேசித் திரையில் கேட்டார்கள். ஆய்வகத்தில் உட்காரும் நாள்கள் குறைந்தன. தேர்வையும் வீட்டிலிருந்து எழுதினார்கள். ஆனால் வேலை கொட்டியது அவர்களுக்குத்தான். நாட்டின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனமான டிசிஎஸ், விலகிப்போனவர்களைக் கழித்த பிறகும் 2021-22 நிதியாண்டில் 1,03,546 பேரைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டிருந்தது. 2023 பேட்ச் வேலைக்குப் போயிருக்க வேண்டிய 2023-24 நிதியாண்டில் அதே நிறுவனத்தின் ஆள்கணக்கு 13,249 குறைந்தது. அந்த ஆண்டில் இன்ஃபோசிஸில் 25,994 பேரும் விப்ரோவில் 24,516 பேரும் குறைந்தார்கள். இரண்டே ஆண்டுகளில் மாணவர்களின் மூளை மழுங்கிவிட்டது என்றோ, உழைக்கும் குணம் ஒரு தலைமுறையிடமிருந்து ஒட்டுமொத்தமாகப் போய்விட்டது என்றோ யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் வீடுகளில் வழங்கப்பட்ட தீர்ப்பு அப்படித்தான் இருந்தது. 2021இன் பிள்ளை திறமைசாலி, 2023இன் பிள்ளை உருப்படாதவன்.

உண்மையில் மாறியது என்ன? பெருந்தொற்றின்போது உலகெங்கும் கடையும் வங்கியும் மருத்துவமனையும் அவசர அவசரமாக இணையத்துக்கு இடம்பெயர்ந்தன. 2020 மார்ச்சில் அமெரிக்க மத்திய வங்கி வட்டி விகிதத்தைப் பூஜ்யத்துக்கு அருகில் இறக்கியது. மலிவாகக் கிடைத்த பணம் மென்பொருள் திட்டங்களில் பாய்ந்தது. 2022 மார்ச்சில் அதே வங்கி, பணவீக்கத்தை அடக்க வட்டியை ஏற்றத் தொடங்கி, 2023 ஜூலைக்குள் 11 முறை உயர்த்தி 5.25 முதல் 5.5 விழுக்காடு வரை கொண்டுபோய் நிறுத்தியது. இந்திய மென்பொருள் ஏற்றுமதிக்கு அமெரிக்காவே முதன்மைச் சந்தை. அங்குள்ள வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் செலவைச் சுருக்கியபோது, சோழிங்கநல்லூரிலும் சிறுசேரியிலும் தொடங்கியிருக்க வேண்டிய திட்டங்கள் தள்ளிப்போயின. கையில் ஆஃபர் லெட்டர் வைத்திருந்தவர்களுக்கு ஜாயினிங் டேட் வரவில்லை. மின்னஞ்சலை நாளுக்குப் பத்து முறை திறந்து பார்த்தபடி, வேறு வேலைக்குப் போனால் இது கைவிட்டுப் போய்விடுமோ என்ற அச்சத்தில் மாதக்கணக்கில் வீட்டில் இருந்தவர்கள் ஏராளம். ஆண்டுக்கு 6.5 லட்சம் ரூபாய் என்று வாக்களித்திருந்த புதியவர்களிடம், 3.5 லட்சத்துக்குச் சம்மதமா என்று விப்ரோ 2023 பிப்ரவரியில் கேட்டது செய்தியானது. அந்த இளைஞர்கள் வாஷிங்டனில் நடந்த எந்தக் கூட்டத்திலும் இல்லை. அவர்கள் எடுத்த மதிப்பெண்ணுக்கும் அங்கே எடுத்த முடிவுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனாலும் அவர்களுடைய சம்பளத்தில் ஏறக்குறையப் பாதியை அந்த முடிவு கொண்டுபோய்விட்டது.

இது ஒரே ஒருமுறை நேர்ந்த விபத்து என்று ஒதுக்க முடியாது. சென்னை தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது 2000ஆம் ஆண்டில். அடுத்த ஆண்டே டாட்காம் சரிவின் அதிர்வு இங்கே வந்து சேர்ந்தது. 2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் திவாலானபோது, இறுதியாண்டில் இருந்த மாணவர்களுக்கு வளாக நேர்காணல்கள் வற்றிப்போயின. இத்தகைய ஆண்டுகளில் பட்டம் பெறுகிறவர்கள் என்ன ஆகிறார்கள் என்று பொருளியலாளர்கள் பின்தொடர்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1979 முதல் 1989 வரை கல்லூரி முடித்த வெள்ளையின ஆண்களைப் பற்றி லிசா கான் 2010இல் வெளியிட்ட ஆய்வின்படி, பட்டம் பெறும் ஆண்டில் வேலையின்மை ஒரு விழுக்காட்டுப் புள்ளி கூடினால் தொடக்கச் சம்பளம் 6 முதல் 7 விழுக்காடு வரை குறைகிறது. 15 ஆண்டுகள் கழிந்தும் அந்தக் குறை முழுதாக ஆறுவதில்லை. கனடாவில் நடந்த இன்னொரு ஆய்வு, மந்தநிலையில் வெளிவந்தவர்கள் மற்றவர்களுக்கு ஈடாக வர 8 முதல் 10 ஆண்டுகள் பிடிக்கின்றன என்று கண்டது. படிப்பை முடித்த நாள்காட்டி ஆண்டு ஒருவரை இவ்வளவு தூரம் துரத்தி வருகிறது. கணினித் துறையின் தலைமையகமான அமெரிக்காவிலேயே, கணினி அறிவியலில் புதிதாகப் பட்டம் பெற்றவர்களிடையே வேலையின்மை 6.1 விழுக்காடு, கணினிப் பொறியியலில் 7.5 விழுக்காடு என்று அமெரிக்க மத்திய வங்கியின் நியூயார்க் கிளை 2025இல் வெளியிட்ட கணக்கு சொன்னது. "கம்ப்யூட்டர் படித்தால் வேலை நிச்சயம்" என்று நாம் நம்பிய சூத்திரம் பிறந்த ஊரிலேயே அது பொய்த்துப்போகும் காலங்கள் உண்டு.

ஒருவருடைய முயற்சிக்குப் புறத்தே நின்று அவர் வாழ்வைத் திருப்பும் இந்த வலிமைக்குப் பழைய தமிழ் வைத்த பெயர் ஊழ். அந்த வலிமை எவ்வளவு என்பதில் நம் மரபு ஒரே குரலில் பேசவில்லை. மணிமேகலையில் வஞ்சி நகரத்துச் சமயக் கணக்கர்களிடம் மணிமேகலை ஒவ்வொருவராகக் கேட்டு வரும்போது, ஆசீவகர் தம் கொள்கையைச் சொல்கிறார். பெறுவதும் இழப்பதும் இடையூறு படுவதும் கருவிலேயே வகுக்கப்பட்டுவிட்டன, மனித முயற்சியால் மாறுவது ஒன்றுமில்லை என்பது அவர் கட்சி. இன்று "எல்லாம் விதி" என்பவர் ஆசீவகரின் வாரிசு. "உழைத்தால் எல்லாம் கிடைக்கும்" என்று மேடையில் முழங்கும் தன்னம்பிக்கைப் பேச்சாளர் அதற்கு நேர் எதிர்முனையில் நிற்கிறார். திருவள்ளுவர் இந்த இரண்டு முனைகளிலும் நிற்கவில்லை. அறத்துப்பாலின் கடைசி அதிகாரமாக ஊழை வைத்து, அதைவிட வலியது வேறில்லை என்று ஒப்புக்கொண்டார். பொருட்பாலில் ஆள்வினையுடைமை என்ற அதிகாரத்தில், தெய்வம் கூட்டாததையும் முயற்சி அதன் அளவுக்கு ஈட்டித் தரும் என்றார். இரண்டும் முரண் என்று சிலர் சொல்வதுண்டு. அதே ஆள்வினையுடைமையில் வரும் 618ஆம் குறள் முரணை அவிழ்த்துவிடுகிறது. நற்பேறு வாய்க்காமை யாருக்கும் பழியாகாது, அறிய வேண்டியவற்றை அறிந்து முயலாமல் இருப்பதே பழி என்பது அதன் பொருள். விளைவைப் பற்றிய கணக்கு வேறு, பழியைப் பற்றிய கணக்கு வேறு என்று வள்ளுவர் இங்கே கோடு கிழிக்கிறார். விளைவில் ஊழுக்குப் பங்கு உண்டு. பழியில் ஊழுக்குப் பங்கே இல்லை. நம் காலத்து வேலைவாய்ப்புப் பேச்சில் அழிந்துபோயிருப்பது இந்தக் கோடுதான்.

புறநானூற்றின் 192ஆம் பாட்டில் கணியன் பூங்குன்றனார் இதே இடத்துக்கு இன்னொரு வழியாக வருகிறார். அந்தப் பாட்டின் முதல் அடியை நாம் உலக அரங்குகளில் எழுதி மாட்டுகிறோம். பாட்டு எங்கே போய் முடிகிறது என்பதைக் கவனிப்பவர் குறைவு. நீரோட்டத்தின் வழியே போகும் தெப்பம்போல உயிர் முறையின் வழியே செல்கிறது என்பதை அறிந்தவர்களின் நூல்வழியே தாமும் அறிந்ததாகச் சொல்லும் புலவர், அந்த அறிவிலிருந்து பெறும் முடிவு செயலின்மை அல்ல. மனிதர்களை மதிப்பிடும் முறை. பெரிய நிலையில் இருப்பவரைக் கண்டு மலைப்பதில்லை என்கிறார்; சிறிய நிலையில் இருப்பவரை இகழ்வது அதைவிடவும் இல்லை என்கிறார். இரண்டாவதை முதலாவதைவிட அழுத்திச் சொல்கிறார் என்பதே இதில் முக்கியம். காலத்தின் கை எவ்வளவு நீளம் என்று உணர்ந்தவர்களுக்கு ஊழ்க்கொள்கை கையைக் கட்டும் கயிறாக இருக்கத் தேவையில்லை. நாவை அடக்கும் ஒழுக்கமாக இருக்க முடியும். 25 லட்சம் ஆண்டுச் சம்பளம் பெற்ற மாணவியின் படத்தைப் பதாகையில் பார்த்து மலைக்காமல் இருப்பது எளிது. வேலை கிடைக்காத பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றி ஒரு சொல் குறைவாகப் பேசுவதில்தான் நம் அறம் சோதிக்கப்படுகிறது.

இங்கே முதல் மறுப்பு எழும். அதே 2023இல் வேலை பெற்றவர்களும் இருந்தார்களே, திறமை இருந்தவர்கள் பிழைத்துக்கொண்டார்களே என்பார்கள். உண்மைதான், திறமைக்கு மதிப்பில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் திறமை எதை முடிவு செய்கிறது என்பதைத் துல்லியமாகப் பார்க்க வேண்டும். ரேஷன் கடையில் சீக்கிரம் வந்தவர் வரிசையில் முன்னால் நிற்கிறார். ஒரு மாதம் அறுபதாவது ஆளுக்கும் சர்க்கரை கிடைக்கிறது. மறுமாதம் முப்பதாவது ஆளோடு சரக்கு தீர்ந்துவிடுகிறது. அந்த மாதம் நாற்பதாவது ஆளாக நின்றவர் சோம்பேறி என்று யாராவது சொல்வார்களா? திறமை வரிசையில் இடத்தைத் தருகிறது. சரக்கு எவ்வளவு என்பதை வேறு எவரோ முடிவு செய்கிறார்கள். அந்த வரிசையுமே திறமையால் மட்டும் அமைவதில்லை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மூன்றிலும் 60 விழுக்காடு வேண்டும், நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது என்ற வாசல் பல நிறுவனங்களில் உண்டு. அதைத் தாண்டினால் ஆப்டிட்யூட் தேர்வு, பிறகு ஆங்கிலத்தில் குழு விவாதம். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, பன்னிரண்டாம் வகுப்பில் 58 விழுக்காடு எடுத்து, கல்லூரியில் நிரல் எழுதுவதில் தேர்ந்துவிட்ட ஒரு மாணவிக்கு முதல் வாசலே திறக்காது. வீட்டில் ஆங்கிலம் புழங்கியவருக்குக் குழு விவாதம் பழகிய முற்றம். அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலில் 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டை 2021இல் தமிழ்நாடு கொண்டுவந்தது. கல்லூரிக்குள் நுழைய வழிசெய்த அந்த நீதி, நேர்காணல் அறையின் வாசலில் நின்றுவிடுகிறது. ஆகவே "திறமை இருந்தால் கிடைத்திருக்கும்" என்ற வாக்கியம் பாதி உண்மை. பாதி உண்மையைக் கொண்டு ஒருவர் மேல் முழுப்பழி போட முடியாது.

இரண்டாவது மறுப்பு சமயத்தின் பக்கமிருந்து வருகிறது. அவரவர் வினைக்கேற்ப அவரவருக்கு அமைகிறது. காலம் என்று நீங்கள் சொல்வதும் முன்வினையின் கருவிதானே என்று நம்பிக்கையுடையவர் கேட்கலாம். இதை எள்ளி நகையாடக் கூடாது. கோடிக்கணக்கானவர்களுக்குத் துன்பத்தைத் தாங்கும் வலிமையைத் தந்திருக்கும் நம்பிக்கை அது. ஆனால் வினைக்கொள்கையை ஏற்ற மரபுகளுக்குள்ளேயே, எல்லாவற்றுக்கும் முன்வினையே காரணம் என்ற கூற்று மறுக்கப்பட்டிருக்கிறது. மோளிய சீவகன் என்ற துறவி இதையே புத்தரிடம் கேட்டதாகச் சம்யுத்த நிகாயம் சொல்கிறது. பித்தம், சிலேட்டுமம், வாயு, மூன்றின் சேர்க்கை, பருவநிலை மாற்றம், முறைகேடான பழக்கம், பிறரின் தாக்குதல், வினைப்பயன் என்று எட்டுக் காரணங்களை அடுக்கி, நேர்வதெல்லாம் பழைய வினையால்தான் என்பவர்கள் தாமே கண்டதையும் உலகம் உண்மையென ஒப்புவதையும் மீறிப் பேசுகிறார்கள் என்று புத்தர் விடை சொல்கிறார். பகவத்கீதையின் பதினெட்டாம் அத்தியாயம், எந்தச் செயலும் முடிவதற்கு இடம், செய்பவர், கருவிகள், பலவகை முயற்சிகள், தெய்வம் ஆகிய ஐந்தும் வேண்டும் என்கிறது. அவ்வாறிருக்கத் தன்னை மட்டுமே செய்பவனாகக் கருதுகிறவன் உள்ளதை உள்ளபடி காண்பதில்லை என்று தொடர்கிறது. இந்த வரையறை வேலை கிடைக்காதவருக்கு ஆறுதல் என்பதைவிட, வேலை பெற்றவருக்கு எச்சரிக்கை. இதற்கெல்லாம் மேலே ஒன்று உண்டு. வினைக்கொள்கை ஒருவர் தன் துன்பத்தைப் பொறுத்துக்கொள்வதற்கும் தன் நடத்தையைத் திருத்திக்கொள்வதற்கும் உரியது. அடுத்தவருடைய வினைக்கணக்கைப் படிக்கும் கண் நமக்குக் கொடுக்கப்படவில்லை. தன் துன்பத்துக்கு "என் வினை" என்பது பணிவு. பிறர் துன்பத்துக்கு "உன் வினை" என்பது கொடுமை.

மூன்றாவது மறுப்பை நான் மிகுந்த மதிப்போடு எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்கள். காலம்தான் காரணம் என்று பிள்ளைகளிடம் சொன்னால் அவர்கள் முயற்சியைக் கைவிட்டுவிடுவார்கள் என்பது அவர்கள் கவலை. முயற்சி எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது என்று அறிந்தவர்தான் நீண்ட நாள் முயல்வார் என்பது என் விடை. ஜாயினிங் டேட் எப்போது வரும் என்பது எந்த மாணவரின் கையிலும் இல்லை. இந்த ஓராண்டில் என்ன கற்பது என்பது கையில் இருக்கிறது. எல்லாம் தன் உழைப்பால்தான் என்று நம்ப வைக்கப்பட்டவருக்கு, உழைத்தும் கிடைக்காத அன்று இரண்டில் ஒன்றை முடிவு செய்ய நேர்கிறது: உழைப்பு பொய், அல்லது தான் தகுதியற்றவர். இரண்டும் மனிதரை உடைக்கும் முடிவுகள். விளைவையும் பழியையும் பிரிக்கும் கோடு தெரிந்தவருக்கு இந்த நெருக்கடி இல்லை. வள்ளுவர் வெறும் முயற்சியைக் கேட்கவில்லை, அறிய வேண்டியதை அறிந்து செய்யும் முயற்சியைக் கேட்டார் என்பது இங்கே முழுப் பொருளோடு வந்து பொருந்துகிறது. இன்று அறிய வேண்டியது என்ன? 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வந்த பிறகு, புதியவர்களுக்குக் கொடுத்து வந்த சிறு சிறு நிரல் வேலைகளில் ஒரு பங்கை இயந்திரமே எழுதித் தருகிறது. எழுதிக் கொடுத்ததைப் படித்துப் பிழை காண்பதற்கு அடிப்படை வேண்டும். தரவுக் கட்டமைப்பு, இயங்குதளம், கணினி வலையமைப்பு, தரவுத்தளம், கணிதம் ஆகியவை ஆண்டுக்கு ஆண்டு மாறாதவை; மூன்று மாதச் சான்றிதழ்களுக்காக இவற்றைத் தவிர்த்துவிட்டு ஓடுவது அறியாமல் செய்யும் முயற்சி. திருப்பூரின் பின்னலாடையோ, கோவையின் பம்ப் உற்பத்தியோ, நாமக்கல்லின் லாரித் தொழிலோ எப்படி நடக்கிறது என்று தெரிந்த கணினிப் பட்டதாரிக்கு, பெருநிறுவனங்களின் வளாக நேர்காணலுக்கு வெளியேயும் வழிகள் உண்டு.

இத்தனையையும் காலத்தின் மேல் ஏற்றிப் பேசும்போது ஓர் ஆபத்து உண்டு. அதை நானே சொல்லிவிட வேண்டும். காலம் என்ற பெயருக்குப் பின்னால் மனிதர்கள் ஒளிந்துகொள்ள இடம் கொடுத்துவிடக் கூடாது. மழை பொய்ப்பதைப் போலக் கல்லூரி இடங்களின் எண்ணிக்கை தானாகக் கூடுவதும் குறைவதும் இல்லை. தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகள் ஒரு கட்டத்தில் 500ஐத் தாண்டியதும், பிறகு பல மூடப்பட்டு 400 சொச்சத்துக்கு வந்ததும் யாரோ அனுமதி கொடுத்து, யாரோ முதல் போட்டு நடந்தவை. பத்து, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் கலந்தாய்வில் மெக்கானிக்கலுக்கு இருந்த மோகம் இன்று கணினிக்கு இடம் மாறியிருக்கிறது. ஒரு பிரிவில் இத்தனை இடங்கள்தான் என்றிருந்த உச்சவரம்பை 2024-25 கல்வியாண்டு முதல் தொழில்நுட்பக் கல்வியை நெறிப்படுத்தும் ஏஐசிடிஇ தளர்த்தியதும், மற்றப் பிரிவுகளைச் சுருக்கிக் கணினிப் பிரிவுகளை விரிக்கக் கல்லூரிகளுக்கு வழி பிறந்தது. இன்றைய சந்தையைப் பார்த்து இன்று சேரும் மாணவர் நான்கு ஆண்டு கழித்து வேறொரு சந்தைக்குள் இறங்குகிறார் என்பது சேர்ப்பவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் நாளிதழ்களில் "100 விழுக்காடு பிளேஸ்மென்ட்" என்று முழுப்பக்க விளம்பரம் வருகிறது. அந்த நூற்றில் ஒரே மாணவருக்கு வந்த மூன்று ஆஃபர்கள் மூன்றாக எண்ணப்பட்டனவா, கணினிக்குத் தொடர்பே இல்லாத விற்பனை வேலையும் சேர்க்கப்பட்டதா, நேர்காணலுக்குத் தகுதி பெறாதவர்கள் கணக்கிலிருந்தே நீக்கப்பட்டார்களா என்று விளம்பரம் சொல்வதில்லை. பதினேழு வயதில் இந்த விளம்பரத்தை நம்பிக் கடன் வாங்கிச் சேர்ந்தவரிடம், "யார் உன்னைக் கம்ப்யூட்டர் படிக்கச் சொன்னது?" என்று இருபத்திரண்டு வயதில் கேட்பது எந்த அறத்திலும் சேராது. அறிந்து முயலாமை பழி என்றால், அறிய விடாமல் தடுப்பது அதைவிடப் பெரிய பழி.

வெற்றி பெற்றவர்கள் இந்த வாதத்தைக் கேட்டு மனம் சுருங்கத் தேவையில்லை. இரவு பகலாகப் படித்தது பொய்யாகிவிடாது. அந்த உழைப்புக்கு உரிய மதிப்பு அதற்கு உண்டு. ஆனால் செல்வம் சேர்வதையே இறையருளின் அடையாளமாகக் கொள்ளும் மனநிலை எப்படி வளர்ந்தது என்று ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் 1904-05இல் எழுதினார். கால்வினியக் கிறித்தவர்களைப் பற்றி அவர் அன்று சொன்னது இன்று நம் வீட்டுக் கூடத்துக்கும் பொருந்துகிறது. ஆஃபர் லெட்டரைச் சாமி படத்தின் முன் வைத்து வணங்குவது நன்றி என்றால் அழகு. தேர்ந்தெடுக்கப்பட்டவர் நாம், விடுபட்டவர்கள் நம்மைவிடக் குறைந்தவர்கள் என்று அது பொருள் கொள்ளத் தொடங்கினால் வழிபாடு தற்பெருமையாகிவிடுகிறது. நன்றி என்பதே தனக்கு உரியதைவிடக் கூடுதலாகப் பெற்றோம் என்ற உணர்வுதானே. அந்த உணர்வு உண்மையானால் அதற்குச் செயலும் இருக்க வேண்டும். தன் நிறுவனத்தில் ஆள் எடுக்கும் இடத்தில் இருப்பவர் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் வாசலைக் கேள்வி கேட்கலாம். படித்த கல்லூரிக்குப் போய், அலங்காரம் இல்லாமல் துறையின் நிலவரத்தைச் சொல்லலாம். பட்டம் முடித்து ஓராண்டு இடைவெளி விழுந்தவரின் விண்ணப்பத்தை அந்த இடைவெளிக்காகவே ஒதுக்கித் தள்ளாமல் இருக்கலாம்.

வாய்ப்புகள் அற்றுப்போய்விட்டன என்று சொல்வதும் உண்மைக்கு மாறு. இந்தியாவில் தகவல் தொழில்நுட்பத் துறையில் 2023-24 நிதியாண்டில் ஏறக்குறைய 54 லட்சம் பேர் வேலை பார்த்தார்கள். பன்னாட்டு நிறுவனங்கள் தம் சொந்தப் பணிக்காக இங்கே நடத்தும் 1,700க்கு மேற்பட்ட மையங்களில் சுமார் 19 லட்சம் பேர் இருப்பதாக, மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான நாஸ்காமின் 2024ஆம் ஆண்டு அறிக்கை கணக்கிட்டது. மாநில அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் திறன் பயிற்சியை ஊரகக் கல்லூரிகள் வரை கொண்டுபோகிறது. கணினிப் பட்டம் பயனுள்ள பட்டம். ஆனால் உறுதிச்சீட்டு அல்ல. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் நேர்மைதான் மாணவர்களுக்கு இப்போது தேவை.

ஆகவே கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோர், விளம்பரத்தை விட்டுவிட்டு, தேசியத் தரவரிசைக்குக் கல்லூரிகள் கொடுக்கும் தரவைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எத்தனை பேர் படித்து முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, நடுவில் இருப்பவரின் சம்பளம் எவ்வளவு என்பது அதில் இருக்கும். கல்லூரி நடத்துபவர்கள், அந்த மூன்று எண்களையும் சேர்க்கைப் படிவத்தின் முதல் பக்கத்தில் அச்சிடுங்கள். வேலை பெற்றவர்கள், உங்கள் உழைப்பைக் கொண்டாடுங்கள்; உங்கள் ஆண்டைக் கொண்டாடாதீர்கள். வேலைக்குக் காத்திருப்பவர்கள், இன்று அறிந்து முயன்றீர்களா என்று மட்டும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஆம் என்றால் உங்கள் மேல் பழி இல்லை. அந்தப் பழியைச் சுமத்த ஊருக்கும் உரிமை இல்லை.